வீட்டுத் துப்புரவும் தஹாரத்தும்

குழந்தை சிறுநீர் கழித்த தரையைப் பினாயில் கலந்த நீரால் துடைத்துவிட்டோம். தரை பளபளவென்றிருக்கிறது, மணமும் வீசுகிறது. அங்கே முஸல்லா விரிக்காமல் தொழலாமா? தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் மஸ்அலா இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் 'தாராளமாகத் தொழலாம்' என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய மருந்து, மூக்கைத் துளைக்கும் வாடை, கால் வழுக்கும் அளவுக்குத் துடைத்த தரை, இவ்வளவுக்கும் பிறகு சுத்தமாகாமலா போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். பிக்ஹு நூல்களைப் புரட்டினால் பதில் வேறாக இருக்கிறது. அந்தத் தரை மணக்கும். ஆனால், துடைத்த முறையைப் பொறுத்து, முன்னைவிட அதிக இடத்தில் நஜீஸ் பரவியதாகவும் ஆகியிருக்கலாம்.

துப்புரவு வேறு, தஹாரத் வேறு. துப்புரவைக் கண்ணும் மூக்கும் முடிவு செய்யும். தஹாரத்தை ஷரீஅத் முடிவு செய்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும் என்றாலும், ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகும் இடங்களும் உண்டு. உழவரின் மேனியில் ஒட்டிய சேறு அழுக்குதான், அது நஜீஸன்று. பளிங்குத் தரையில் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போன சிறுநீர், பார்வைக்கு அழுக்கில்லை. ஆயினும் அங்கே நஜீஸின் ஹுக்மு நிற்கிறது. இந்த வேறுபாடு மனத்தில் பதியாததால்தான், தஹாரத்துக்காக நாம் கடைகளில் காசைக் கொட்டுகிறோம். கொட்டியும் தஹாரத் கிடைப்பதில்லை. கூடவே வீட்டாரின் உடம்புக்கும், ஊர்க் குளத்துக்கும் கேடு வந்து சேருகிறது.

முதலில் வாளியைக் கவனிப்போம். ஷாபிஈ மத்ஹபில் நஜீஸை நீக்கத் தகுந்தது தண்ணீர் ஒன்றே. அதுவும் 'தண்ணீர்' என்ற பெயர் மாறாத தண்ணீராக இருக்க வேண்டும். சுத்தமான ஒரு பொருள் கலந்து, நிறமும் வாடையும் மிகுதியாக மாறி, இது தண்ணீர் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டால் அது தானளவில் சுத்தமாக இருக்கும், பிறவற்றைச் சுத்தமாக்காது. பினாயில் ஊற்றிப் பாலாக வெளுத்த வாளி நீர் இந்த வகையில் சேர்ந்துவிடுகிறது. ஹனபி மத்ஹபில் இதில் விசாலம் உண்டு. இமாம் அபூ ஹனீபா (ரஹ்), இமாம் அபூ யூஸுப் (ரஹ்) ஆகியோரிடம், நஜீஸை அகற்றவல்ல சுத்தமான எந்தத் திரவமும் போதும். பன்னீரும் சிர்க்காவும்கூட அவர்கள் எடுத்துக்காட்டும் உதாரணங்களே.

ஆனால் இரு மத்ஹபினரும் ஒன்றுபடும் இடம் ஒன்றிருக்கிறது. வாளியில் உள்ளது குறைந்த நீர். ஷாபிஈகளிடம் இரண்டு குல்லத், அதாவது இக்கால ஆலிம்கள் கணக்கிட்டபடி ஏறத்தாழ 200 லிட்டர் இருந்தாலன்றி அது பெருநீராகாது. ஹனபிகளின் அளவு அதனினும் பெரிது. குறைந்த நீரில் நஜீஸ் பட்டால் நீர் முழுவதும் நஜீஸாகிவிடும். சிறுநீரைத் துடைத்த துணியை வாளியில் முக்கி, பிழிந்து, அதே துணியால் கூடம் முழுவதும் துடைத்தால் என்ன ஆகும்? ஒரு முழ இடத்தில் இருந்தது வீடெங்கும் போய்ச் சேரும். வாளியில் எத்தனை மூடி மருந்து ஊற்றியிருந்தாலும் இந்தச் சட்டம் மாறாது.

சரியான முறை மிக எளிது. பழந்துணியாலோ காகிதத்தாலோ ஈரம் முழுவதையும் ஒற்றியெடுத்துவிட வேண்டும். நஜீஸின் உருவும் ஈரமும் போன பிறகு, அந்த இடம் முழுவதும் ஓடும்படி ஒரு செம்பு வெறும் தண்ணீரை ஊற்றி, வேறு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பள்ளிவாசலுக்குள் வந்து சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியை ஸஹாபாக்கள் அதட்ட எழுந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்து, அவரை முடிக்க விட்டு, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள் என்பது புகாரி ஷரீபில் உள்ள பிரபலமான செய்தி. அல்லாஹ்வின் இல்லத்துக்கே அந்த ஒரு வாளி போதுமானதாக இருந்தது. நம் கூடத்துக்கு ஒரு செம்பு போதாதா?

ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. தரையும், தரையோடு பதிக்கப்பட்ட கல்லும் செங்கல்லும், காய்ந்து நஜீஸின் அடையாளம் மறைந்துவிட்டால் தொழுகைக்குச் சுத்தமாகிவிடும். விரிப்புக்கும் துணிக்கும் இது பொருந்தாது. பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீருக்கு, அது நனைத்த இடம் முழுவதும் படும்படி நீர் தெளித்தால் போதும் என்பது ஷாபிஈகளின் சட்டம். ஹனபிகள் கழுவ வேண்டும் என்பர்.

கறை போகவில்லையே என்ற கவலை

துணியில் பட்ட இரத்தத்தைக் கழுவிய பிறகும் மங்கலாகக் கறை தெரிகிறது. உடனே பிளீச்சிங் நீர், அதற்கும் போகாவிட்டால் அதைவிடக் கடுமையான ஒன்று, கடைசியில் துணி கிழிகிறது, விரல் தோல் உரிகிறது. இந்தப் பாடு எதற்காக? கவ்லா பின்த் யஸார் (ரலி) என்ற பெண்மணி இதே கவலையைத்தான் நாயகத்திடம் முறையிட்டார்கள். தண்ணீரால் கழுவுவது உமக்குப் போதும், அதன் அடையாளம் எஞ்சியிருப்பதால் தீங்கில்லை என்ற கருத்தில் பதில் கிடைத்தது. இச்செய்தி அபூ தாவூதில் பதிவாகியிருக்கிறது. சுரண்டி, நீர் விட்டுக் கசக்கி, பிறகு அலசி, அதே துணியில் தொழுதுகொள்ளலாம் என்று அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பும் கூறுகிறது.

இதை வைத்தே பிக்ஹு இமாம்கள் சட்டம் வகுத்தார்கள். ஷாபிஈகள், தேவைப்பட்டால் சோப்பு முதலியன கொண்டு தேய்க்கச் சொல்வார்கள். அதன் பிறகும் நிறம் மட்டுமோ வாடை மட்டுமோ போகாமல் நின்றால் மன்னிக்கப்படும், இரண்டும் சேர்ந்து நிற்கக் கூடாது. ஹனபிகள், நீரோடு வேறொன்றைச் சேர்த்தாலன்றிப் போகாத கறையைப் போக்கும் சிரமத்தை நம்மீது சுமத்துவதே இல்லை. ஆகவே வெள்ளை வேட்டியை வெளுப்பது அழகுக்காக. அது தொழுகையின் ஷர்த்து அன்று. அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அழகுக்காகச் செய்வதைப் பேணுதல் என்று பெயரிட்டு வருத்திக்கொள்வது வஸ்வாஸின் வாசல். கையைப் பத்துமுறை சோப்புப் போட்டும் திருப்திப்படாமல் பதினோராம் முறை குழாயைத் திறப்பவர்களை நாம் பார்க்கிறோம். அவர்களுக்குத் தேவை இன்னொரு சோப்புக் கட்டி அன்று, சட்டம் தெரிந்த ஒருவரின் பேச்சு.

சலவை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நஜீஸ் பட்ட இடத்தை மட்டும் முதலில் குழாய் நீரில் கழுவிச் சுத்தமாக்கிவிட்டு, பிறகு மற்றத் துணிகளோடு போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, சந்தேகத்தில் இரண்டு மடங்கு பவுடர் கொட்ட வேண்டிய அவசியம் வராது.

ஷரீஅத் பெயர் சொன்ன பொருள்கள்

தூய்மைக்காக ஹதீஸ்களில் பெயர் சொல்லப்பட்ட பொருள்களைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முதலாவது தண்ணீர். அடுத்தது மண். தண்ணீர் இல்லாதபோது தயம்மும் செய்ய மண். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழுமுறை கழுவும்போது அவற்றில் ஒருமுறை மண். இந்த மண்ணுக்குப் பதிலாகச் சோப்புப் போட்டால் போதுமா என்று ஷாபிஈ இமாம்கள் ஆராய்ந்து, மண்ணேதான் வேண்டும் என்ற சொல்லையே வலுவானதாகக் கொண்டார்கள். மூன்றாவது இலந்தை இலை. நாயகத்தின் திருமகளார் மறைந்தபோது குளிப்பாட்டிய பெண்களுக்கு, நீரும் இலந்தையும் கொண்டு மூன்றோ ஐந்தோ அதற்கு மேலோ ஒற்றைப்படையாகக் குளிப்பாட்டி, இறுதியில் கற்பூரம் சேர்க்கும்படி சொல்லப்பட்டதை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணின் குளிப்பிலும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரின் குளிப்பிலும் அதே இலந்தை வருகிறது. இலந்தை இலையைக் கசக்கினால் நுரை வரும். அதில் சபோனின் என்னும் நுரைச் சத்து இருக்கிறது. நம் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது அதே இனத்தைச் சேர்ந்த சத்துதான்.

செத்த ஆட்டின் தோலைப் பதனிட நீரும் கரள் என்னும் வேல மரத்துத் துவர்ப்பொருளும் போதும் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. பிக்ஹு நூல்களில் அடிக்கடி வரும் உஷ்னான் என்பது உவர் நிலத்தில் முளைக்கும் ஒரு செடி. அரபிகள் அதனைக் கைகழுவவும் துணி வெளுக்கவும் கொண்டார்கள். அத்தகைய செடிகளை எரித்த சாம்பலுக்கு அல்-கலீ என்று பெயர். காரத்தைக் குறிக்கும் ஆல்கலி என்ற இன்றைய சொல் அதிலிருந்து வந்ததே. நம் ஊர் வண்ணார்கள் உவர்மண்ணைக் கொண்டு வெள்ளாவி வைத்ததும் இதே கைவழக்கந்தான். பலஸ்தீனத்து நாப்லுஸ் நகரில் ஆலிவ் எண்ணெயும் காரமும் நீருமாகக் காய்ச்சும் சோப்புத் தொழில் இன்றும் உயிரோடிருக்கிறது. 2024-ல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவற்றில் எதுவும் கழுவிய கையை எரிக்காது. ஓடிய இடத்தில் புல்லைக் கருக்காது. இவற்றைத் தவிர வேறு கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் சொன்னதும் இல்லை. தஹாரத்துக்குக் கடுமையான மருந்து எதுவும் தேவையில்லை என்பதற்கு இவை சான்று.

மூச்சில் போகும் தீங்கு

துப்புரவு செய்பவள் பெரும்பாலும் பெண். வீட்டுத் தலைவியாக இருப்பாள், அல்லது கூலிக்கு வரும் ஏழைச் சகோதரியாக இருப்பாள். நார்வே நாட்டுப் பெர்கன் பல்கலைக் கழகத்தார் 6,000 பேருக்கு மேற்பட்டோரை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், துப்புரவு வேலை செய்து வந்த பெண்களின் நுரையீரல் வலிமை மற்றப் பெண்களைவிட விரைவாகக் குறைந்திருந்ததைக் கண்டார்கள். தொழிலாகச் செய்தவர்களுக்கு மட்டுமன்றி, சொந்த வீட்டைத் துடைத்தவர்களுக்கும் அப்படியே. தெளிப்பானாக அடிக்கும் மருந்துகளை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அவை தரையில் விழுவதைப் போலவே மூச்சிலும் விழுகின்றன.

இதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. ரமளானுக்கு முன்னும் பெருநாளுக்கு முன்னும் வீடு கழுவும் நாள்களில், கழிவறையில் ஆசிட்டை ஊற்றிவிட்டு அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவுவோர் இருக்கிறார்கள். ஒன்று செய்யும் வேலையை இரண்டு சேர்ந்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்பது கணக்கு. அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்கள்மீது திறந்துவிடப்பட்டது அதே வாயுதான். சாளரமில்லாத சிறு அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். அம்மோனியா சேர்ந்த கண்ணாடித் துடைப்பு மருந்தோடு பிளீச்சிங் நீரைக் கலந்தாலும் நச்சு வாயுதான் வரும். சிர்க்காவையும் அதனோடு சேர்க்கக் கூடாது. பிளீச்சிங்கைத் தண்ணீரைத் தவிர வேறெதனோடும் சேர்க்காதீர்கள் என்று வேலைக்கு வருபவளிடமும் சொல்லிவையுங்கள். தனக்கும் பிறருக்கும் கேடு விளைவித்தல் இல்லை என்ற நபிமொழி, நம் வீட்டில் கூலிக்கு உழைப்பவளின் நெஞ்சுக்கும் சேர்த்தே பேசுகிறது.

துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது நாப்தலின். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு கிடந்த துணியைச் சுற்றினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான காமாலை உண்டாகலாம். பிறந்த குழந்தைக்கு என்று எடுத்துவைக்கும் துணிகளில் அதனைப் போடவே வேண்டாம். உலர்ந்த வேப்பிலையும், நல்ல வெயிலும் போதும். அந்துருண்டையைச் சிலர் இரசகற்பூரம் என்றழைப்பதால் மய்யித்துக்குச் சேர்க்கும் கற்பூரம் இதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. அது வேறு பொருள்.

சாக்கடைக்கு அப்பால்

ஊற்றியது சாக்கடையில் இறங்கியதும் நம் பொறுப்பு தீர்ந்ததாக நினைக்கிறோம். நின்ற நீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்றும், மக்கள் நீரெடுக்கும் துறையிலும் நடக்கும் வழியிலும் நிழலிலும் மலங்கழிப்பது சாபத்துக்குரியது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மனிதனின் கழிவுக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், மீனையும் புழுவையும் கொல்லும் மருந்தைப் பற்றி நாமே யோசித்துக்கொள்ளலாம்.

சலவை பவுடர்களின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1950-களில் மேல் நாடுகளில் பரவிய சலவை பவுடர்களின் நுரைப்பொருள், நீரில் வாழும் நுண்ணுயிர்களால் சிதைக்க முடியாததாக இருந்தது. ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் இயற்றியது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965-ல் எளிதில் சிதையும் வகைக்கு மாறினார்கள். பவுடரில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு மற்றொரு தொல்லை. அது நீர்ப்பாசிக்கு உரமாகிறது. பாசி பெருகி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கின்றன.

தொலைதூரக் கதையென்று தள்ளிவிட வேண்டாம். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியிலிருந்து 2015-ல் நுரை காற்றில் பறந்து சாலையை மூடியது. அந்த நுரையில் தீயும் பிடித்தது. சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரும் அதிலுள்ள சோப்புப் பொருள்களும் அதற்கு முக்கியக் காரணம். அந்த ஏரியின் நீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அந்த அணையிலிருந்து வெளியேறும் நீரிலும் நுரை பொங்கி விவசாயிகளின் வயல்வரை போனது. பெங்களூரில் ஒரு சமையலறையில் கழுவிய நீர் கிருஷ்ணகிரிக்காரரின் வாய்க்காலுக்கு வருகிறது.

பாலாற்றங்கரை நம் மக்களுக்கோ இது இன்னும் நெருங்கிய பாடம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுத் தோல் கிடங்குகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு வந்தது, வேலை விரைவாயிற்று, கிணறுகள் கெட்டன. 1996-ல் உச்ச நீதிமன்றம், அசுத்தப்படுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று அந்த வழக்கில் தீர்ப்பளித்தது. தொழிற்சாலையின் அளவும் சமையலறையின் அளவும் ஒன்றல்ல என்பது தெரிந்ததே. ஆனால் கெட்ட கிணற்று நீரைக் குடித்தவர்களில் நம்மவர்களே பலர் இருந்தார்கள்.

நம் பள்ளிவாசல்களில் பலவற்றில் ஹவ்ளில் மீன் விட்டிருப்பார்கள். அந்த ஹவ்ளில் ஒரு மூடி பினாயில் ஊற்ற எவருக்கும் மனம் வராது. நம் வீட்டுச் சாக்கடை போய்ச் சேரும் குளத்திலும் மீன் இருக்கிறது; அது நம் கண்ணில் படுவதில்லை. வீட்டுக்கு வீடு மலத்தொட்டி இருக்கும் ஊர்களில் இன்னொரு விளைவும் உண்டு. தொட்டிக்குள் கழிவைச் செரிக்கச் செய்வன நுண்ணுயிர்கள். வாரந்தோறும் ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஊற்றினால் அவை செத்துவிடும். தொட்டி சீக்கிரம் நிறையும். செரிக்காத கழிவு மண்ணில் இறங்கும்.

எதைக் கொண்டு துலக்குவது?

பழைய முறைகளில் பல இன்றும் கைகொடுக்கும். பூந்திக்கொட்டை பத்துப் பன்னிரண்டை உடைத்து, விதையை நீக்கி, தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்துக் காலையில் கொதிக்கவைத்து வடித்தால் நல்ல நுரைநீர் கிடைக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதற்கு நிகரில்லை. நகைக்கடையில் பொன்னைத் துலக்குவதும் இதனால்தான். தரை துடைக்க இந்நீரில் ஒரு கிண்ணம் ஒரு வாளிக்குப் போதும். இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும் என்பதால் அவ்வப்போது காய்ச்சிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் எரியும். இயற்கைப் பொருள் என்பதால் குற்றமே இல்லாதது என்று எண்ணிவிடவும் கூடாது. சபோனின் மீனுக்கு நஞ்சு. ஆகவே இந்நீரையும் குளத்தில் கொட்டாமல் மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவைச் சோடா. சூடான நீரில் இரண்டு கரண்டி போட்டால் அடுப்பங்கரைச் சுவரில் படிந்த பிசுக்கு கரைந்து வரும். ஆனால் அலுமினியத் தேக்சாவில் இதைப் போடாதீர்கள். அலுமினியத்தை அது அரித்துக் கறுப்பாக்கும். அலுமினியத்துக்குப் புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்கவைத்தால் வெளுத்துவிடும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி. அடிப்பிடித்த பாத்திரத்துக்கு ஊறவிடும் பொறுமையும், தேங்காய் நாரும், சலித்த சாம்பலும். ஈயம் பூசிய பிரியாணிச் செம்பை மட்டும் சாம்பல் போட்டுச் சுரண்டக் கூடாது, பூச்சு போய்விடும்.

குழாயில் வெள்ளையாகப் படியும் உப்புக்கும் கண்ணாடிக்கும் சிர்க்கா. ஒரு பங்கு சிர்க்காவுக்கு மூன்று பங்கு நீர். பளிங்குக் கல்லிலும் மொசைக்கிலும் சிர்க்காவையோ எலுமிச்சையையோ விடாதீர்கள். கல்லை அரித்து மங்கவைக்கும். சிர்க்காவையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்கவைத்துத் துடைக்கச் சொல்லும் வைத்தியம் ஒன்று இப்போது எங்கும் பரவியிருக்கிறது. பொங்குவதைப் பார்க்க அழகாயிருக்கும். பொங்கி அடங்கியபின் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்து, வெறும் உப்பு நீர்தான் மிஞ்சும். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் பயனுண்டு.

சிர்க்கா ஹலாலா என்று சந்தேகிப்போருக்கு: நாயகம் (ஸல்) அவர்கள் சிர்க்காவைச் சிறந்த தொடுகறி எனப் புகழ்ந்தது முஸ்லிம் ஷரீபில் உள்ளது. அதனை நஜீஸ் நீக்கக் கொள்வதில் உள்ள மத்ஹபு வேறுபாட்டை மேலே கண்டோம். ஷாபிஈகள் சிர்க்காவால் துலக்கியபின் வெறும் நீர் ஊற்றினால் கருத்து வேறுபாட்டிலிருந்து வெளியேறிவிடலாம். இப்போது பலர் பழத்தோலும் வெல்லமும் நீரும் புட்டியில் அடைத்து மூன்று மாதம் புளிக்கவைத்து 'என்சைம்' என்று துடைப்பு நீர் செய்கிறார்கள். அதில் வெல்லம் முதலில் மதுவாக மாறி, பிறகே புளிப்பாகிறது. மது தானாகச் சிர்க்காவாவதையும், வேறு பொருள் அதனுள் கிடக்க மாறுவதையும் ஷாபிஈ இமாம்கள் ஒன்றாகக் கருதவில்லை. ஆதலால் பேணுதலுடையோர் இதனை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் சிர்க்காவோடு நின்றுகொள்வதே என் கருத்து.

சோப்பு வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். 'டாலோ' அல்லது 'டாலோவேட்' என்றிருந்தால் அது மிருகக் கொழுப்பு. எந்த மிருகம், எப்படி அறுத்தது என்பது தெரிய வழியில்லை. நஜீஸான எண்ணெய் சோப்பாக மாறிவிட்டால் தன்மை மாறிச் சுத்தமாகிறது என்று ஹனபிகள் பத்வாக் கொடுப்பர்; ஷாபிஈகளிடம் அப்படியில்லை. தேங்காயெண்ணெய்ச் சோப்பு எல்லாருக்கும் ஐயமில்லாதது. உறையில் பச்சை இலைப் படமும் 'இயற்கை' என்ற சொல்லும் இருப்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம், அச்சடிப்பது எளிது. சுற்றுப்புறத்துக்குக் கேடில்லாத பொருள்களுக்கென்று மத்திய அரசு 1991-ல் மண்பானைச் சின்னமுள்ள 'ஈகோமார்க்' முத்திரையை ஏற்படுத்தியது. 2024-ல் அதற்குப் புதிய விதிகள் வந்தன. சோப்பும் சலவைப் பொருளும் தொடக்கத்திலிருந்தே அதில் அடக்கம்.

பிளீச்சிங் பவுடரை முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். வெள்ளம் வடிந்த கிணற்றுக்கும், வாந்திபேதி கண்ட வீட்டுக் கழிவறைக்கும் அதுவே வேண்டும். சிர்க்காவும் பூந்திக்கொட்டையும் அந்தக் கிருமிகளை நம்பத்தகுந்தவாறு கொல்லா. சுகாதார ஊழியர் சொன்ன அளவில், புதிதாகக் கரைத்து, கதவைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். மருந்தை நோய்க்காக எடுப்பது முறை. நோயில்லா நாளிலும் குடம் குடமாக ஊற்றுவது இஸ்ராப்.

இஸ்ராப் என்றதும் நாம் பணத்தையே நினைக்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்து, ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு முத்து என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் வீண்செலவு கூடாது என்ற அறிவிப்பின் ஸனதில் பலவீனம் சொல்லப்பட்டாலும், அதன் கருத்தை எல்லா மத்ஹபினரும் ஏற்று, நீரை மிகைப்படுத்துவதை மக்ரூஹ் என்று எழுதினார்கள். பவுடரிலும் இதே நடைமுறை பொருந்தும். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது தவறான எண்ணம். அலச இன்னும் இரண்டு வாளி நீர் செலவாகும் என்பதே அதன் பலன். உறையில் சொன்ன அளவில் பாதியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான அன்றாடத் துணிகளுக்கு அதுவே போதும்.

கழுவிய நீரைக் கொல்லையில் வாழைக்கு விடலாமா என்று கேட்கும் சகோதரிகளும் உண்டு. நஜீஸைக் கழுவிய நீர் நிறம், வாடை, சுவை மாறாமலும், கழுவப்பட்ட இடம் சுத்தமான நிலையிலும் பிரிந்து வந்தால் அந்நீர் சுத்தமானதே என்பது ஷாபிஈகளின் சட்டம். அதில் ஒளுச் செய்யத்தான் முடியாது. அசுத்த நீர் பாய்ந்த மரத்தின் பழமும் அதனால் ஹராமாகிவிடாது. பூந்திக்கொட்டை நீரையும் சோப்புக் கட்டி கரைந்த அலசல் நீரையும் வாழைக்குத் தாராளமாக விடலாம். சலவைச் சோடா கலந்த நீரை நாள்தோறும் ஒரே மரத்தின் தூரில் ஊற்றினால் மண்ணில் உப்பேறி இலை ஓரம் கருகும். அதனை இடம் மாற்றி மாற்றி, நடைபாதை மண்ணில் ஊற்றிவிடுங்கள்.